அங்கப்பன் கொண்டுபோன தண்ணீர்

கொதிக்கிற அண்டாவிலிருந்து ஒரே ஒரு பருக்கையை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்குகிறார் அங்கப்பன். நசுங்கியதை அவர் பார்ப்பதில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, விரலை மட்டும் நம்பி நிற்கிறார். "ஆச்சு, புடிங்க" என்று ஒரு குரல் கொடுக்கிறார். அண்டாவின் ஒரு காதை வாட்ச்மேன் பிடிக்க, மறு காதை இவர் பிடிக்க, நூற்றுப் பத்துப் பேருக்கான சோறு சாய்ந்து வடிகிறது. பதினைந்து வருஷத்தில் அந்தக் கை ஏமாந்தது ஒரே ஒரு தரம். அதுவும் சோற்றில் இல்லை.

கோயமுத்தூரில், கல்லூரிப் பையன்களுக்கான ஆதிதிராவிடர் நல விடுதியில் சமையல்காரர் அவர். குள்ளமான ஆள். முன்தலை வழுக்கை. பனியன், மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டே கைப்பிடித் துணி, அதுவே முகம் துடைக்க, அதுவே பூனையை விரட்ட. கோபம் வந்தால் மற்றவர்களுக்கு மரியாதை குறையும், இவருக்குக் கூடும். "ஏனுங் தொரை, தின்ன தட்ட அப்புடியே வெச்சுட்டுப் போறீங்களே, உங்க மாமியா ஊடுங்களா இது?" என்று கேட்டால் பையன் ஓடிவந்து தட்டைக் கழுவி வைத்துவிடுவான். 'டா' போட்டுக் கூப்பிட்டால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

பையன்களின் பெயர் அவருக்குப் பாதி தெரியாது. வயிறு தெரியும். ரசத்துக்குக் காத்திருப்பவன், அடிக்காந்தலைச் சுரண்டிக் கேட்பவன், முட்டை போடுகிற நாளில் முட்டையைப் பொட்டலம் கட்டி ஊருக்குத் தங்கச்சிக்குக் கொண்டுபோகிறவன், எல்லாம் தெரியும். ஜூலையில் புதிதாகச் சேரும் பையன்கள் இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் தட்டில் இவரே கேட்காமல் போட்டுவிட்டு நகர்வார். "இந்தக் கெவுருமெண்டு அரிசி உள்ள போன மாதிரியே இருக்காது கண்ணு. ரெண்டாவது வாட்டி போட்டாத்தான் மொத வாட்டியே வவுத்துக்குத் தெரியும்."

சொந்த ஊர் தாராபுரத்துக்குக் கிழக்கே புளியவலசு. மூன்று ஏக்கர் மேட்டுக்காடு; மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் எருக்கு. காடு சின்னதானாலும் பிறந்தது கவுண்டர் வீட்டில். கிணறு எழுபத்தாறிலேயே வற்றிப்போனது. எட்டாம் வகுப்போடு நின்றவர், எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு மறந்தும் போனார். எண்பத்தொன்றில் கார்டு வந்தது. சமையல் வேலை, அரசாங்கச் சம்பளம். எந்த விடுதி என்று படித்துப் பார்த்த பிறகு இரண்டு நாள் அதை மடியில் செருகிக்கொண்டே திரிந்தார். மூன்றாம் நாள் அவர் மனைவி நாச்சியம்மாள்தான் முடித்து வைத்தார். "ஆரு ஊட்டு அடுப்புல வெச்சாலும் அரிசி வேகத்தானுங்க செய்யும். போயிட்டு வாங்க. ஊருக்குள்ள மட்டும் சொல்லிப்போட வேண்டாம்."

ஊருக்குள் சொல்லவில்லை. கலெக்டர் ஆபீஸ் கேண்டீன் என்று சொல்லி வைத்தார். அதில் ஒரு தொந்தரவு. ஊரில் எல்லோருக்கும் கலெக்டரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை. "கலெக்டரு எப்பிடீங், நல்ல மனுசனுங்களா?" என்பார்கள். "நெம்ப நல்லவருங்க. காப்பிக்குச் சக்கரை மட்டும் கம்மி" என்று இவரும் சொல்லிக்கொண்டிருந்தார். கலெக்டர்கள் மாறினார்கள், சர்க்கரை மாறவில்லை. ஆஸ்பத்திரிக்கோ மில்லுக்கோ உறவுக்காரர்கள் கோயமுத்தூர் வந்தால், காந்திபுரம் பஸ் நிலையத்திலேயே போய் நின்று, ஓட்டலில் வயிறாரச் சாப்பிடவைத்து, அங்கேயே பஸ் ஏற்றிவிடுவார். விடுதி இருக்கிற தெருப் பக்கம் ஒருத்தரையும் அண்டவிட்டதில்லை.

விடுதியிலும் ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் இருந்தார் என்று சொல்வதற்கில்லை. முதல் ஒன்றரை வருஷம் தனக்கு மட்டும் தனியாக ஒரு சட்டியில் பொங்கி, ஸ்டோர் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். பையன்கள் முட்டாள்களா, எல்லோருக்கும் தெரியும். ஒருத்தனும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பழக்கமான விஷயந்தானே. சேர்ந்த புதிதில் ஒரு பையன், வாய்ப் பழக்கத்தில் இவரை "பண்ணாடி" என்று கூப்பிட்டுவிட்டான். தோட்டத்துக்காரர்களைப் பண்ணையத்தாட்கள் கூப்பிடும் சொல் அது. சீனியர் ஒருவன் அவன் முதுகில் ஒன்று வைத்து, "இங்க பண்ணாடியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அண்ணான்னு கூப்புடு. அவரு வாங்கறதும் நம்ம பேருல வார சம்பளந்தான்" என்றான். கரண்டியோடு நின்ற அங்கப்பனுக்கு அது கேட்டுவிட்டது. அன்று குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. அந்தச் சட்டி என்றைக்குப் போனது என்று கேட்டால் தேதி சொல்ல மாட்டார். "ஒரு நாளு ரெண்டு ஒலை வெக்கச் சோம்பலா இருந்துச்சுங்க. தட்ட எடுத்துட்டு வரிசையில நின்னுபோட்டேன். முன்னால நின்ன பையன் திரும்பிப் பாத்துட்டு, சித்தெ தள்ளி எடம் உட்டான். அவ்வளவுதானுங்க."

இனி அந்தத் தண்ணீர்க் கதைக்கு வரவேண்டும்.

தொண்ணூற்று நாலாம் வருஷம். விடுதியில் குப்புராசு என்று ஒருவன் இருந்தான். சூலூர்ப் பக்கம். அம்மா பேரூராட்சியில் தெருக்கூட்டுகிறவர். எம்.ஏ. வரலாறு படித்தான். குச்சி போல உடம்பு. பேச ஆரம்பித்தால் சாம்பார் ஆறிப்போகும். அவன் கல்லூரியில் ஓர் அறை இருந்தது. அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடிய வருஷம் அந்த அறைக்கு 'ஒடுக்கப்பட்டோர் வரலாற்று ஆய்வுத் துறை' என்று பெயர்ப் பலகை மாட்டி, மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் பூட்டினார்கள். மூன்று வருஷமாக அதற்குள் உடைந்த பெஞ்சுகள்தான் படித்துக்கொண்டிருந்தன. வாத்தியார் கிடையாது, பாடம் கிடையாது. கேட்டால், "அதுக்கெல்லாம் புத்தகமே இல்லையேப்பா" என்று பதில் வந்தது.

குப்புராசு லைப்ரரியில் தேடிப் பார்த்திருக்கிறான். வெள்ளைக்காரன் காலத்துத் தடிப் புத்தகம் ஒன்றில் அவன் சனங்களைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. "ரெண்டு பக்கங்ணா. அதுலயும் ஒன்னரைப் பக்கம் செருப்பு. மீதி அரைப் பக்கம் நாங்க என்ன குடிப்போம்னு."

அங்கப்பனுக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை. பருப்புக் கடைந்துகொண்டே, "வேலைக்கு ஆகற படிப்பா ஒண்ணு கேளுங்கடா கண்ணு. கம்ப்யூட்டர் கேளுங்க. பாட்டன் கதையப் படிச்சா எவன் வேல குடுப்பான்?" என்றார்.

"உங்க பாட்டன் கதையெல்லாம் பாடத்துல வந்துருச்சுங்ணா. அதப் படிச்சு நாங்க பரிச்சையும் எழுதியாச்சு. எங்குளுதுதானுங்க பாக்கி" என்றான் குப்புராசு.

அங்கப்பன் மத்தை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். பிறகு பெரிய மரியாதையோடு, "உங்க தட்டு காலியா இருக்குதுங் தொரை, உண்டுபோட்டுப் பேசுங்க" என்றார்.

மனு கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், ஒரு நாள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். பூட்டு அசையவில்லை. கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது பையன்கள் கல்லூரி வாசலில் வேப்பமரத்தடியில் பந்தல் போட்டுச் சாகும்வரை உண்ணாவிரதம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பந்தல் காலில் ஒரு கரும்பலகை. 'உண்ணாவிரதம். தண்ணீர் மட்டும். நாள்: 1.'

ஒன்பதும் இவர் கையால் தின்ற வயிறுகள். அன்று மதியம் விடுதியில் ஒன்பது தட்டு எடுக்க ஆளில்லாமல் அடுக்கிலேயே இருந்தது. அங்கப்பன் நூற்றுப் பத்துப் பேருக்கே ஆக்கியிருந்தார். "அதெல்லாம் மத்தியானம் எந்திரிச்சு வந்துருவானுங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருந்தார். வரவில்லை. சாயங்காலம் தூக்குப்போசியில் எலுமிச்சைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு அரை மைல் நடந்து பந்தலுக்குப் போனார். குப்புராசு வாங்கிக் குடித்தான். குடிக்கும்போது அவன் தொண்டையில் எலும்பு ஏறி இறங்கியது. அங்கப்பன் அதைப் பார்த்துவிட்டார். மற்ற எதைப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை.

மறுநாள் காலை சோறு வடித்தபோது அவருக்கு அந்த யோசனை வந்தது. வடித்த தண்ணீரைத் துணியில் ஒரு தரம் வடிகட்டினார். வெள்ளையாக இருந்தது. இன்னொரு துணி. மூன்றாம் துணியில் கிட்டத்தட்டத் தெளிந்துவிட்டது. அதில் பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீர் சேர்த்து, உப்புப் போட்டு, எலுமிச்சை பிழிந்தார். பார்வைக்கு முதல் நாள் தண்ணீருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாளைக்கு மூன்று போசி கொண்டுபோய்க் கொடுத்தார். பட்டினியில் செத்த நாக்குக்கு அது என்னவென்று தெரியவில்லை. "அண்ணன் கலக்கற தண்ணி தனி ருசிடா" என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். அங்கப்பன் தான் செய்வது தப்பு என்று நினைக்கவே இல்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று பலகையிலேயே எழுதியிருக்கிறது. அரிசியில் பட்ட தண்ணீரும் தண்ணீர்தானே?

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா தினமும் எடை மெஷினோடு வந்து ஒன்பது பேரையும் பார்த்துப் போவார். நாலாம் நாள் மதியம் அவர் எடையை எழுதிவிட்டு முந்தின நாள் தாளைப் புரட்டினார். திரும்பவும் எல்லோரையும் ஏறி நிற்கச் சொன்னார். சிறுநீர்ப் பரிசோதனைத் தாளையும் எடுத்துப் பார்த்தார். பிறகு குப்புராசுவிடம் மெதுவாகத்தான் சொன்னார். "முதல் நாள் எடை குறைஞ்சுது. அதுக்கப்புறம் ஒருத்தருக்கும் சரியாக் குறையலை. சிறுநீரும் பட்டினி கிடக்கிற ஆள் மாதிரி இல்லை. நான் இதைத்தான் எழுதணும்."

பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. "ஏம்ப்பா, ராத்திரி எந்த மெஸ்ஸுல கை நனைக்கறீங்க? சொன்னா நானும் வாரேன்" என்றார். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். மாலைப் பத்திரிகை நிருபர் உமர் பாரூக் தன் டிவிஎஸ் வண்டியில் சாய்ந்து குறித்துக்கொண்டிருந்தவர், எழுதுவதை நிறுத்திவிட்டார். நாலு நாளாக இந்தப் பந்தலைப் பற்றி எழுதிய ஒரே ஆள் அவர்தான்.

குப்புராசு எழுந்து, தள்ளாடி, தன் எட்டுப் பேரையும் பார்த்துத் திரும்பினான். "ஆருடா? இப்பவே சொல்லிப்போடுங்க."

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எல்லாக் கண்ணும் கடைசியில் மருதாசலத்தின் மேல் போய் நின்றது. அவன் பிறவியிலேயே குண்டு. "என்னை எதுக்குடா பாக்கறீங்க? எங்கப்பாரும் இப்பிடித்தாண்டா இருப்பாரு. நானும் நாலு நாளாத் தண்ணிதாண்டா குடிக்கறேன்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. ஒருவனும் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. நாலு நாள் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அந்த நேரத்துக்குத்தான் அங்கப்பன் மதியப் போசியோடு வந்து கயிற்றுக்கு வெளியே நின்றார். நடந்தது முழுவதும் காதில் விழுந்தது. தன் போசிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்கு இன்னும் ஓடவில்லை. டாக்டரம்மா, "தண்ணி தவிர வேற என்ன குடிக்கறீங்க?" என்று கேட்டார். "எலுமிச்சந் தண்ணிங். எங்க அண்ணன் கொண்டாராருங்" என்று குப்புராசு இவரைக் கை காட்டினான். அந்தக் கையில் ஒரு பொட்டுச் சந்தேகம் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. வேப்பமரத்தின் வேர் மூன்றே எட்டில் இருந்தது. போசியை அங்கே கவிழ்த்துவிட்டு நடையைக் கட்டினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. அவர் அரசாங்கச் சிப்பந்தி. போராட்டக்காரர்களுக்குச் சோற்றுத் தண்ணி கொடுத்தார் என்று தெரிந்தால் வேலைக்கே வேட்டு. அதைவிட, எதிரே நோட்டோடு பத்திரிகைக்காரர் நிற்கிறார். பத்திரிகை புளியவலசு டீக்கடை வரைக்கும் போகும். பதின்மூன்று வருஷமாகக் கலெக்டருக்குக் காப்பி கொடுத்த ஆள் யாருக்குச் சோறு ஆக்கிப் போடுகிறார் என்று ஊர் சத்தமாகப் படிக்கும். வேலையைவிட அதுதான் அவர் காலைப் பிடித்தது. மருதாசலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

அங்கப்பன் கயிற்றைத் தாண்டிப் போய்ப் போசியை டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தார். "அம்மணி, இதைப் பாருங்க. இது வெறுந்தண்ணி இல்லீங்க."

டாக்டரம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார். "கஞ்சியா?"

"கஞ்சி இல்லீங்க. சோறு வடிச்ச தண்ணி. மூணு தரம் வடிகட்டுனதுங்க. பசங்களுக்குத் தெரியாதுங்க, சத்தியமாத் தெரியாது. நாந்தான் செஞ்சுபோட்டேன். பாக்கச் சகிக்கலீங்க."

குப்புராசு அருகே வந்தான். கத்துவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கத்தவில்லை. "நாலு நாளுங்ணா" என்றான். பிறகு, "நேத்து எங்கம்மா வந்துச்சு. ஒரு வாய் சோறு உங்கலீன்னு அதுகிட்டச் சொன்னேன். அதுகிட்ட என்னைய பொய் சொல்ல வெச்சுட்டீங்களே" என்றான். பந்தல் காலுக்குப் போய், உள்ளங்கையால் கரும்பலகையில் இருந்த 4-ஐ அழித்தான். 1 என்று எழுதினான். திரும்பி எட்டுப் பேரையும் பார்த்தான். முதலில் தலையாட்டியவன் மருதாசலம். இவரை ஒருவரும் பார்க்கவில்லை. தான் காப்பாற்றப் போனவர்களை முதல் நாளுக்கே இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிட்டோம் என்று அங்கப்பனுக்கு அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்துத்தான் முழுசாகப் புரிந்தது.

இன்ஸ்பெக்டர் அவரை மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். பேர் கேட்டார், ஊர் கேட்டார். கேட்டதும் குரல் மாறிவிட்டது. "புளியவலசுங்களா? நமக்கு மூலனூருங்க. பக்கத்துல பக்கத்துல வந்துட்டோம். நீங்க எங்கீங்க இங்க வந்து மாட்டுனீங்க? பேசாமப் போங்க. ஆரோ ஒரு ஆளு தண்ணி குடுத்தான்னு எழுதிக்கறேன். உங்க பேரு எதுலயும் வராது."

உமர் பாரூக் பின்னாலேயே வந்திருந்தார். "ஆரோ ஒரு ஆளுன்னு போட்டா ஒருத்தரும் நம்ப மாட்டாங்கண்ணா. பசங்களே கதை கட்டிட்டாங்கன்னு ஆயிரும். பேர் இருந்தா நான் முதல் பக்கத்துல போடுவேன். இல்லாட்டி, மன்னிச்சுக்கங்க, போட முடியாது" என்றார்.

"ஊருல எப்பிடீங்க தலை காட்டுவீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர், நிஜமான அக்கறையோடு.

"பஸ்ஸு நின்னா எறங்கித்தானுங்க ஆகோணும்" என்றார் அங்கப்பன். நிருபர் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க. அங்கப்பன், தகப்பனார் பேரு ராமசாமிக் கவுண்டர். புளியவலசு, தாராபுரம் தாலூக்கா. கலெக்டராபீஸ் கேண்டீன் இல்லீங்க" என்று, யாரும் கேட்காததற்கும் பதில் சொன்னார். "ஆதிதிராவிடர் ஆஸ்டல்ல சமையல்."

செய்தி வந்தது. சிரித்தவர்கள் அடங்கினார்கள். வேறு கல்லூரிகளிலிருந்தும் பையன்கள் வந்து பந்தலில் உட்கார ஆரம்பித்தார்கள். இரண்டாம் கணக்கில் ஏழாவது நாள் கல்லூரி எழுத்து மூலம் ஒப்புக்கொண்டது: ஒரு விரிவுரையாளர், ஒரு பட்டயப் படிப்பு, அறைச் சாவி. அந்த ஏழு நாளும் அங்கப்பன் பந்தல் பக்கம் போகவில்லை. பெரிய மனிதர் ஒருவர் பழரசம் கொடுத்து முடித்துவைத்தார். சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் குப்புராசுவை விடுதிக்குக் கொண்டுவந்தார்கள். அவன் நேராகச் சமையலறை வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏழு நாள் கழித்து முதல் பேச்சு. "அந்தத் தண்ணி இருந்தாக் குடுங்ணா. இப்பக் குடிக்கலாம்."

மெமோவும் வந்தது. அதற்கு விளக்கக் கடிதத்தைக் குப்புராசுதான் எழுதினான். மூன்று பக்கம், வரலாறு முழுக்க. வார்டன் படித்துவிட்டு, "அங்கப்பா, இதக் குடுத்தா உனக்கு வேலை போகும், எனக்கும் போகும்" என்று இரண்டு வரியாக்கினார். எச்சரிக்கையோடு விட்டார்கள். பூட்டிய அறையிலிருந்து உடைந்த பெஞ்சுகளைப் பையன்களே வெளியே தூக்கிப் போட்டார்கள். பதினாலு பேர் சேர்ந்தார்கள். புத்தகம்தான் இல்லையே, அதனால் புது வாத்தியார் முதல் வேலையாகச் சொன்னது, அவரவர் வீட்டுக் கதையை, பாட்டை, வேலையைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்பது. குப்புராசு தன் அம்மாவைக் கூட்டிவந்து, சத்தமில்லாத இடம் வேறு கிடைக்காமல், மதியத்துக்குமேல் சமையலறையில் உட்காரவைத்து டேப்ரிக்கார்டரில் பாடச் சொன்னான். அவர்கள் வீட்டுக்குள் பேசும் தெலுங்கில் நாற்று நடுகிற பாட்டு. அங்கப்பன் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்திவிட்டு, மாவு புளித்துவிடுமே என்ற கவலையோடு கைகட்டி நின்றார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாவிடம், "இதுக்கா இவன் பட்டினி கெடந்தான்?" என்று கேட்டார். "ஆமாங்க. ஊட்லயே கேட்டிருந்தாப் பாடியிருப்பேன்" என்றார் அந்த அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் டேப்பில் இருக்கிறது.

புளியவலசில் அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். டீக்கடைக்குப் போனால், "கலெக்டர் சௌக்கியமுங்களா?" என்று ஒரு குரல் வரும், மற்றவர்கள் கிளாஸுக்குள் பார்த்துக்கொள்வார்கள். மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்கு வரி வாங்க வந்தவர்கள் இவர் வீட்டைத் தாண்டிப் போனார்கள். "நாளைக்கு வருவாங்களாட்ட இருக்குதுங்க" என்று நாச்சியம்மாள் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் வாசலில் உட்காருவதை விட்டுவிட்டார். அங்கப்பனுக்குப் பையன்களின் பட்டினியைப் பார்த்ததைவிட இதைப் பார்ப்பது கொடுமையாக இருந்தது.

அந்த ஆவணியில் ஒரு மதியம், நாச்சியம்மாளின் அண்ணன் பொங்கியண்ணன் விடுதிக்கே வந்துவிட்டார். ஊரில் நாலு பேர் அவர் சொல்லுக்குக் காத்திருப்பார்கள். நோன்பி வரி அவர் சொல்லாமல் ஒரு வீட்டைத் தாண்டிப் போயிருக்காது. வெள்ளை வேட்டி, மடித்த குடை. சாப்பாட்டு நேரம். பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"வாங்க மச்சான்" என்றார் அங்கப்பன்.

"ஊரு பலதும் பேசுது மாப்ள. நேர்ல பாத்துட்டு வாரேன்னு வந்தேன்." பொங்கியண்ணன் அண்டாவைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார். "ஆக்கறது பொழப்பு. அதைக் குத்தஞ் சொல்லலீங்க. நானே நாலு பேர்கிட்டச் சொல்லிச் சரி பண்ணிப்போடுவேன்." குரலைத் தாழ்த்தினார். "சோறு உங்கறது தனியாத்தானுங்களே? அதை மட்டும் சொல்லிப்போடுங்க, போதும்."

பையன்கள் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்கள். குப்புராசு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாச்சியம்மாள் மறுபடியும் வாசலில் உட்காரலாம். அங்கப்பன் அடுக்கிலிருந்து இரண்டு தட்டு எடுத்து, பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் சோறு போட்டார். ஒரு தட்டுக்கு முன்னால் தானே உட்கார்ந்தார். குழம்பு விட்டுப் பிசைந்து, ஒரு வாய் உண்டார். பிறகு இடது கையால் கரண்டியில் குழம்பை மொண்டு, அடுத்த தட்டுக்கு நேராகக் கொண்டுபோய், ஊற்றாமல், மச்சானை நிமிர்ந்து பார்த்தபடி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.